மாடியில 3 கிலோவாட் சோலார், ஒரு வருஷத்துக்கு அப்புறம்

போன சித்திரைல போட்டது, கேக்கறவங்களுக்கு தனித்தனியா சொல்றத விட இங்க எழுதிடறேன். 3 கிலோவாட், ஆன்-கிரிட், அதாவது ஊர் கரண்ட் லைனோட (கிரிட்) சேந்தே ஓடறது, பேட்டரி இல்ல. மத்திய அரசோட பிஎம் சூரிய கர் திட்டத்துல 78,000 ரூபா மானியம் வந்துச்சு, ஆனா இந்தியாவுல செஞ்ச செல், பேனலா இருந்தாத்தான் அது கிடைக்கும், விலை கம்மினு வேற பேனலுக்கு தலையாட்டிடாதீங்க.

நல்ல வெயில்ல ஒரு நாளைக்கு 12, 13 யூனிட், ஐப்பசி மழைல 4 வர்றதே பெருசு. முன்னாடி ரெண்டு மாசத்துக்கு 620 யூனிட் ஓடும், 500 தாண்டினா ஸ்லாப் மாறி பில் எகிறும்ல, இப்ப பல தடவை 100க்குள்ளயே நின்னுடுது. பேனல் மாட்ட ரெண்டே நாள்தான், ஆனா போட்டுக்குடுத்தவங்க பேப்பர் சரியா குடுக்காம இழுத்ததுல நெட் மீட்டர் (நாம லைன்ல இருந்து எடுக்கறது, லைனுக்கு குடுக்கறது ரெண்டையும் கணக்கு பண்ற மீட்டர்) வர ஏழு வாரம் ஆச்சு, அதுல எனக்கு ரொம்ப வருத்தம். அப்புறம் கரண்ட் கட் ஆனா சோலாரும் நின்னுடும், லைன்ல வேலை செய்யறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதுனுதான் இன்வெர்ட்டர் அப்படி ஆஃப் ஆகுது, இத முன்னாடியே யாரும் சொல்ல மாட்டாங்க.

பில்லுக்காக மட்டும் நான் போடல. 2030க்குள்ள மின் உற்பத்தித் திறன்ல பாதி நிலக்கரி, கேஸ் இல்லாததா இருக்கும்னு 2022ல இந்தியா உலகத்துக்கு வாக்கு குடுத்துச்சு, 2025 ஜூன்லயே அதத் தொட்டாச்சு, நிஜமாவே பெருமையா இருக்கு. ஆனா அது திறன் கணக்கு, அதாவது எவ்வளவு தயாரிக்க முடியுங்கறது, நெசமா ஓடற கரண்ட்ல நிலக்கரிதான் இன்னும் பெரும்பங்கு. ஏன்னு என் ஃபோன் ஆப்லயே தெரியுது, சாயந்திரம் ஆறு மணிக்கு கிராஃப் தரைக்கு வந்துடும், ஊரே லைட்டு ஏசி போடறது அதுக்கப்புறம்தான். கிரிட்ல ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடுனு வச்சா என் மாடியோட 4,000 யூனிட் வருஷத்துக்கு மூணு டன் கிட்ட மிச்சம் பண்ணுது, ராத்திரிக்கு அது ஒண்ணும் செய்யல. அதனால இப்ப மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாம் பதினோரு மணிக்கு மேலதான் ஓடுது, அம்மாவும் மாவு ஆட்டற நேரத்தையே மாத்திட்டாங்க. பேட்டரிக்கும் இதே மாதிரி தாராளமா மானியம் குடுத்தா அடுத்த மாசமே வாங்கிடுவேன்.

வாங்கறவங்க நெட் மீட்டர் வேலை முடிஞ்சப்புறம்தான் கடைசி தவணைனு எழுதி வாங்கிக்கங்க. பேனலை பத்து நாளைக்கு ஒருக்கா விடியக்காலைல கழுவுங்க, உச்சி வெயில்ல சூடா இருக்கறப்ப தண்ணி ஊத்தாதீங்க.