நீச்சல்குள ஹீட் பம்ப்: எட்டுக் குளிர்காலம், மூன்று பழுது, ஒரு பல்லி

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நாங்கள் வாங்கிய வீட்டோடு நீச்சல்குளமும் சேர்ந்தே வந்தது. 40,000 லிட்டர் கொள்ளும். ஜூலை இங்கே குளிர்காலம், தண்ணீர் 16 டிகிரியில் நிற்கும். காலை வைத்தால் வெடவெடக்கும். வருடத்தில் ஐந்து மாதம் பிள்ளைகள் அந்தப் பக்கமே போகாததால் 2017-ல் தண்ணீரைச் சூடாக்க 13 கிலோவாட் ஹீட் பம்ப் ஒன்றை வைத்தோம். அந்த வருடம் வந்திருந்த அம்மா, "ஏய்யா, குளத்துத் தண்ணிய எதுக்குய்யா சுட வைக்கணும்? தாமிரபரணியில மார்கழி மாசமும் குளிக்கலையா நாம?" என்று கேட்டார். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. இது அந்த மெஷினுக்கு எட்டாவது குளிர்காலம்.

முதல் வாரமே மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். நாள் முழுக்க ஓடுகிறது, குளத்துக்குத் திரும்பி வரும் தண்ணீரில் கை வைத்தால் சூடே தெரியவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. 40,000 லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 46 யூனிட் வெப்பம் வேண்டும். 13 கிலோவாட் மெஷினுக்கு அது மூன்றரை மணி நேர வேலை. மணிக்கு 6,000 லிட்டர் ஓடும் குழாயில், உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் இரண்டு டிகிரிகூட வித்தியாசம் இருக்காது. கைக்கு அது எங்கே தெரியும்? தெர்மாமீட்டரில்தான் பார்க்க வேண்டும். இன்னொரு சோதனை, மெஷினின் விசிறிக்கு முன்னால் போய் நிற்பது. அங்கே வரும் காற்று சில்லென்று இருந்தால் வேலை நடக்கிறது. காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுப்பதுதானே அதன் வேலை. ஏசியைத் திருப்பி வைத்த மாதிரி.

அடியில் தண்ணீர் சொட்டுவதும் இப்படித்தான் பயமுறுத்தும். பெரும்பாலும் அது காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது. குளத்துக்கு வைத்திருக்கும் குளோரின் சோதனைப் பட்டையை அந்தத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். குளோரின் காட்டினால் குளத்துத் தண்ணீர் கசிகிறது என்று அர்த்தம், ஆளைக் கூப்பிடுங்கள். காட்டாவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

உண்மையான முதல் பழுது 2019-ல் வந்தது, அதற்குக் காரணம் நானே. தண்ணீர் ஓட்டம் போதவில்லை என்று திரையில் பிழை காட்டி மெஷின் நின்றுவிட்டது. ஃபில்டரைக் கழுவினேன், மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையில் அடைத்திருந்த ஜக்கரண்டா இலைக் குப்பையை அள்ளினேன், வால்வுகளைத் திருகிப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போயே போய்விட்டது. கடைசியில் பார்த்தால், கரண்ட் பில்லைக் குறைக்கிறேன் என்று முந்தைய மாதம் குளத்துப் பம்பின் வேகத்தைக் குறைத்து வைத்தவன் நான்தான். வேகத்தை ஒரு படி கூட்டியதும் பிழை மறைந்தது. அப்புறம் அந்தப் பிழை எப்போது வந்தாலும் ஃபில்டர், கூடை, பம்பின் வேகம் மூன்றையும் பார்க்காமல் யாருக்கும் போன் செய்வதில்லை.

2021 ஜூன் மாதப் பழுதுதான் பெரியது. விசிறி சுற்றுகிறது, ஆனால் கம்ப்ரசர் "ம்ம்ம்" என்று சில நொடி முனகி, "டக்" என்று அடங்கிவிடும். சில நிமிடம் கழித்து மறுபடியும் அதே முனகல். ஒரு சர்வீஸ் நிறுவனத்திலிருந்து வந்தவர் கால் மணி நேரம் பார்த்தார். கம்ப்ரசர் இறுகிவிட்டது, மெஷினையே மாற்றுவதுதான் லாபம் என்றார். விலை 5,200 டாலர். மீட்டரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை என்பதை அவர் போன பிறகுதான் யோசித்தேன்.

அன்று இரவு அந்த முனகல் காதிலேயே இருந்தது. எங்கேயோ கேட்ட சத்தம். சட்டென்று நினைவு வந்தது, எங்கள் வீட்டு சீலிங் ஃபேன்! ஸ்விட்சைப் போட்டால் முனகும், சுற்றாது. அப்பா குச்சியால் ஒரு தள்ளு தள்ளிவிட்டால் சுற்ற ஆரம்பிக்கும். "கண்டென்சர் போச்சு" என்பார் எலெக்ட்ரீஷியன். நம் ஊரில் கண்டென்சர் என்று சொல்வது கெப்பாசிட்டரைத்தான். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் தானாகக் கிளம்பாது, கெப்பாசிட்டர்தான் அதற்கு முதல் தள்ளு கொடுக்கிறது. கம்ப்ரசருக்குள் இருப்பதும் அப்படி ஒரு மோட்டார்தான்.

நானே கழற்றிப் பார்க்கக் கை துறுதுறுத்தது. ஆனால் எங்கள் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் நிரந்தர வயரிங்கைத் தொட உரிமம் வேண்டும், குளிரூட்டி வாயுவைத் தொட அதற்கென்று தனி உரிமம் வேண்டும். சட்டம் கிடக்கட்டும், மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டர் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும், தொட்டால் தூக்கி எறியும். ஆகவே தனியாகத் தொழில் செய்யும் ஏசி மெக்கானிக் ஒருவரைப் பிடித்தேன். மூடியைத் திறந்ததுமே தெரிந்தது, கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது. 60 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தது, மீட்டர் 22 காட்டியது. புதியதை மாட்டினார், கம்ப்ரசர் ஒரே மூச்சில் கிளம்பியது. பாகத்துக்கும் கூலிக்கும் சேர்த்து 230 டாலர். அதே கம்ப்ரசர்தான் இன்றும் ஓடுகிறது.

மூன்றாவது பழுது 2023-ல், பல்லியால். இங்கே வீட்டுச் சுவரெல்லாம் நடமாடுவது ஆசிய வீட்டுப் பல்லி. நம் ஊர்ச் சுவரில் கத்துகிற அதே இனம், கப்பலேறி வந்து குடியேறிவிட்டது. குளிருக்கு வெதுவெதுப்பாக இருக்கட்டும் என்று மின் பெட்டிக்குள் புகுந்து, சர்க்யூட் போர்டில் இரண்டு முனைகளுக்கு நடுவே படுத்து, தானும் செத்து போர்டையும் கருக்கிவிட்டது. தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் போட்டிருக்கும். போர்டில் விழுந்தால் 610 டாலர் செலவு. கம்ப்ரசருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டர் ஸ்விட்சின் இடுக்கில் எறும்புகள் வேறு கூட்டமாகக் கருகிக் கிடந்தன. இந்த ஊரில் வெளியில் வைக்கும் மெஷின்களுக்கு இது அடிக்கடி வரும் தொல்லை என்றார் மெக்கானிக். வயர் நுழையும் ஓட்டைகளை அவர் அடைத்துக் கொடுத்தார். எறும்பு மருந்தை மெஷினைச் சுற்றித் தரையில் நான் போடுகிறேன்.

மற்றபடி என் பராமரிப்பு கொஞ்சம்தான். சீசனுக்கு முன் பின்பக்கத் தகடுகளைத் தோட்டக் குழாயால் மெதுவாகக் கழுவுவேன். பிரஷர் வாஷர் பட்டால் தகடுகள் மடங்கிவிடும். இரவில் குளத்துக்குக் குமிழ்ப் போர்வை போட்டே ஆக வேண்டும். அது இல்லாவிட்டால் பகலில் ஏற்றிய சூட்டில் பெரும் பகுதியை ஆவியாகவே இழக்க வேண்டியதுதான். பகல் பத்து மணிக்கு மேல்தான் மெஷினை ஓட விடுவேன். காற்று சூடாக இருந்தால் மெஷினுக்கு வேலை சுலபம், கூரையில் சோலாரும் அப்போது உச்சத்தில் இருக்கும்.

இன்று புதிதாக வாங்கினால் கம்ப்ரசர் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகையைத்தான் எடுப்பேன், சத்தம் ரொம்பக் குறைவு. ஆனால் அதில் போர்டு போனால் செலவு பெரிது என்பதால் பல்லி பயம் கூடத்தான் செய்யும்.

போன வாரத்திலிருந்து விசிறியில் லேசான கரகரப்பு. பேரிங்காக இருக்கும். தண்ணீர் 28 டிகிரியில் ஒழுங்காக நிற்பதால் செப்டம்பர் வரை ஓடட்டும் என்று விட்டிருக்கிறேன்.