மழைக்கால முயல் கூண்டு: தார்ப்பாய் மூடலா, திறந்த வலையா?

குமரி மாவட்டத்தில் ஆனி-ஆடியிலும் மழை, ஐப்பசி-கார்த்திகையிலும் மழை. முயலுக்குக் குளிருமே என்று பலர் கூண்டின் நாலு பக்கமும் தார்ப்பாயைக் கட்டிவிடுகிறார்கள். சாரல் உள்ளே வராதுதான். ஆனால் மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் வெளியே போகாது. மூக்கின் உள்சவ்வு அதில் புண்ணாகும்; முயலுக்குச் சளி பிடிக்கவைக்கும் பாஸ்டுரெல்லா கிருமிக்கு அதுவே வாசல். முயல் மூக்கால்தான் மூச்சுவிடும். சளி அடைத்தால் தவித்துப்போகும்.

திறந்த வலையில் அந்த நெடி தங்காது. முயலுக்குக் குளிர் பெரிய பகையல்ல, நனைவதும் நேராக அடிக்கும் காற்றும்தான் பகை. ஆகவே கூரையை 2 அடி வெளியே நீட்டி, மழை அடிக்கும் பக்கம் மட்டும் முடைந்த தென்னோலையைச் சாத்தினால் போதும். கூண்டின் அடியில் மூத்திரம் விழும் தட்டைத் தினமும் கழுவ வேண்டும். எங்கள் தேர்வு திறந்த வலையே. புயல் மழையில் தார்ப்பாய் போட்டாலும், மேலே ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

எந்தக் கூண்டானாலும் முன்னங்கால்களின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மூக்கைத் துடைத்துத் துடைத்து அங்கே ரோமம் விறைத்துத் திரிதிரியாக ஒட்டியிருந்தால் சளி பிடித்துவிட்டது. தனியே பிரித்து கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை வாய்வழி கொடுத்துவிடாதீர்கள், குடலின் நல்ல கிருமிகள் அழிந்து முயல் செத்தும் போகலாம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, 12 மணி நேரம் தின்னாவிட்டாலோ அன்றைக்கே ஓடுங்கள்.