பாரோ எறும்பா, பேய் எறும்பா?

சர்க்கரை டப்பாவைச் சுற்றி ஊரும் பொடி எறும்புகள் எல்லாமே ஒரே இனம் என்று நினைத்துவிடுகிறோம். வெள்ளைத் தாளில் ஒன்றை ஏற்றிப் பாருங்கள். நிறமே பாதி பதில் சொல்லிவிடும்.

பாரோ எறும்பு சுமார் 2 மி.மீ. நீளம். உடல் மஞ்சள் கலந்த பழுப்பு, வயிற்றின் நுனி மட்டும் கருத்திருக்கும். பேய் எறும்பு அதைவிடச் சிறியது, 1.5 மி.மீ. அளவு. தலையும் மார்பும் கருமை. வயிறும் கால்களும் பால் நிறம். வெளிர்நிறத் தரையில் ஓடும்போது ஒரு கரும்புள்ளி நகர்வது போலத்தான் இருக்கும், பின்பாதி கண்ணுக்கே படாது. பெயரும் அதனால்தான்.

இன்னும் சந்தேகமா? பூதக்கண்ணாடியில் இடுப்பைப் பாருங்கள். பாரோவுக்கு இரண்டு முடிச்சுகள் தெளிவாகத் தெரியும். பேய் எறும்புக்கு ஒன்றுதான், அதையும் வயிறு மறைத்திருக்கும். நான் அதிகம் நம்புவது வாசனையை: பேய் எறும்பை நசுக்கினால் கெட்டுப்போன தேங்காய் வாடை அடிக்கும்.

இரண்டுக்கும் கூட்டில் பல ராணிகள். தயவுசெய்து ஸ்ப்ரே அடிக்காதீர்கள். குறிப்பாக பாரோ கூட்டம் பிரிந்துபோய் பல இடங்களில் கூடு போட்டுவிடும். மெதுவாக வேலை செய்யும் விஷ இரையை வைத்தால், வேலைக்கார எறும்புகளே அதை ராணிகளிடம் கொண்டுசேர்க்கும்.