குஷன் கடையில் தைத்த நெஞ்சுப்பட்டி: ரோசியோடு மலை ஏறிய பின் ஒரு மதிப்பீடு

திருகோணமலையில் நாய்க்கு நல்ல நெஞ்சுப்பட்டி வேண்டுமென்றால், ஓட்டோவுக்கும் வானுக்கும் இருக்கை தைக்கிற குஷன் கடைக்குப் போங்கள். நான் போன கடை கண்டி வீதியில் இருக்கிறது. பெயரை எழுதவில்லை. சில குறைகளையும் சொல்லப்போகிறேன். கடைக்காரத் தம்பி நல்ல மனிதர், அவருடைய பிழைப்பில் மண் விழ வேண்டாம்.

ரோசி உவர்மலையில் பிறந்து வளர்ந்த நாட்டு நாய். நிறை 17 கிலோ. எங்கள் ஊர் நாய்களுக்கே உரிய உடல்வாகு: நெஞ்சு ஆழம், வயிறு ஒட்டல், கழுத்து மெல்லியது. இணையத்தில் ஹார்னஸ் என்று விற்கும் பட்டிகள் லாப்ரடோரையும் பொமரேனியனையும் மனதில் வைத்துத் தைத்தவை. நடுத்தர அளவை வாங்கினால் ரோசி பின்னுக்கு இழுத்தவுடன் தலை வழியாகக் கழன்று வருகிறது. பெரிய அளவு முதுகிலிருந்து சுழன்று வயிற்றின் அடியில் தொங்குகிறது. கடற்கரையில் நடப்பதற்குக் கழுத்துப்பட்டியே போதும். மலைச்சரிவில் நாய் கால் தவறி விழுந்தால் முழு உடல் பாரமும் தொண்டையில் இறங்கும் என்பதால்தான் நெஞ்சுப்பட்டி வேண்டியிருந்தது. விலா எலும்புக்கூடு அந்தப் பாரத்தைத் தாங்கும், மூச்சுக்குழாய் தாங்காது.

கடைக்காரர் முதலில் சிரித்தார். “ரீச்சர், பஸ்ஸுக்குத் தைத்திருக்கிறேன், படகுக்கு மூடுதுணி தைத்திருக்கிறேன், நாய்க்கு இதுவரை தைத்ததில்லை.” ஆனால் அளவு நாடாவை எடுத்தவுடன் சிரிப்பு போய்விட்டது. கழுத்தடியில் ஒன்று, முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒன்று, இவை இரண்டுக்கும் நடுவே மார்பெலும்பு வழியாக ஒன்று, முதுகு வழியாக ஒன்று. ரோசியை நிற்க வைத்து ஒரு தடவை, இருக்க வைத்து ஒரு தடவை அளந்தார். இருக்கும்போது நெஞ்சுச் சுற்றளவு மாறுகிறது என்று அவராகவே கண்டுபிடித்தார். எந்த இணையக் கடையும் எனக்குச் சொல்லாத விஷயம் இது.

பழைய வான்களிலிருந்து கழற்றிய சீட் பெல்ட் நாடாதான் மூலப்பொருள். பொலியெஸ்டர் என்பதால் நனைந்தாலும் இழுபடாது, வெயிலிலும் சீக்கிரம் நைந்துபோகாது. ஆனால் அதன் அகலம் ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர். அதை அப்படியே அக்குளுக்கு அருகில் கொண்டுபோனால் தோல் உரியும் என்று வாதாடி, நெஞ்சைச் சுற்றும் பட்டிக்கு மட்டும் அதில் பாதி அகலமுள்ள நாடாவைப் போடச் செய்தேன். முன்பக்கம் குறுக்குப் பட்டி கூடாது என்றும் சொன்னேன். தோளுக்குக் குறுக்கே போகும் பட்டி முன்னங்காலை நீட்டவிடாது. நாய் படியேறும்போது பார்த்தால் தெரியும், பாதி எட்டுத்தான் வைக்கும். மார்பில் ஒரு முனையில் சேர்ந்து இரு தோளுக்கும் மேலே பிரிந்து போகிற வடிவம்தான் சரி. இணைப்பு ஒவ்வொன்றிலும் சதுரம் போட்டு, அதற்குள் பெருக்கல் குறி போட்டுத் தைத்தார். பஸ் இருக்கைக்குத் தைக்கிற அதே தடித்த நைலோன் நூல். அந்தத் தையலுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

பரீட்சை நடந்தது நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஓரத்தில். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக றிவஸ்டனுக்கு ஏறும் வீதியில் எங்கள் உறவினர் ஒருவரின் தோட்டம் இருக்கிறது. காட்டுக்குள் ரோசியைக் கூட்டிச் செல்லவில்லை. 2010 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கும் காடு அது. மரையும் சிறுத்தையும் நடமாடும் இடத்தில் ஊர் நாய்க்கு வேலை இல்லை. சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை என்பதை மலைநாட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தோட்டப் பாதை, ஏலக்காய் உலர்த்திய பழைய கொட்டிலுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை, அதற்கு மேலே பாறைச் சரிவு; எங்களுக்கு இவையே போதுமாக இருந்தன. எங்கும் கயிற்றை அவிழ்க்கவில்லை.

கச்சான் காற்றில் வதங்கிய திருகோணமலை நாய்க்கு அந்தக் குளிர் தலைக்கேறிவிட்டது. என்னை இழுத்துக்கொண்டே ஏறியது. பாறைச் சரிவில்தான் முதுகுப் பட்டியில் அவர் தைத்திருந்த கைப்பிடியின் அருமை தெரிந்தது. மழையில் வழுக்கிய, இடுப்பளவு உயரமான ஒரு கல்லில் ரோசி முன்னங்காலை வைத்துவிட்டுப் பின்னங்காலால் துழாவிக்கொண்டிருந்தது. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன், பயணப்பெட்டியைப் போல நேராக மேலே வந்தது. பட்டி ஒரு பக்கமும் சரியவில்லை. பிறகு மந்திக் கூட்டம் ஒன்று மரத்தில் தாவியபோது ரோசி பாய்ந்த பாய்ச்சலில் என் தோள் கழன்றிருக்கும், தையல் ஒன்றும் அசையவில்லை. அக்குளைத் தடவிப் பார்த்தேன், சிவப்பு இல்லை.

இனி அந்த ஸ்பொஞ்ச். “நாய்க்கு நோகக்கூடாது, ரீச்சர்” என்று சொல்லி, நெஞ்சுப் பகுதியில் இருக்கைக்குப் போடும் ஸ்பொஞ்சை ரெக்சினுக்குள் வைத்துத் தைத்திருந்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நகரத்தில் அது அழகாகத்தான் இருந்தது. மலையில் அது அரை மணி நேரத்தில் தண்ணீர் குடித்துவிட்டது; ரெக்சின் அதை வெளியே விடவுமில்லை. மாலையில் பட்டியைக் கழற்றினால் உள்பக்கத்தில் அட்டைகள் வரிசையாகக் குடியிருக்கின்றன. ஈரமும் இருட்டும் நாயின் சூடும் ஒரே இடத்தில் கிடைத்தால் அவை வேறெங்கே போகும்? கையாலும் உப்புநீராலும் ஒவ்வொன்றாக அகற்ற வேண்டியிருந்தது. மனிதர் காலில் பூசும் தைலங்களை நாய்க்குப் பூசாதீர்கள், நக்கிவிடும். ஊருக்குத் திரும்பியதும் ஸ்பொஞ்சைப் பிரித்தெடுத்து, வெறும் நாடாவாகத் தைத்துத் தரச் சொன்னேன். முகத்தைச் சுளித்தாலும் காசு வாங்காமல் செய்துகொடுத்தார்.

இரண்டாவது குறை, கயிறு மாட்டும் வளையம். பளபளவென்று பூச்சுப் பூசிய இரும்பு வளையத்தைப் போட்டிருந்தார். மலையில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் கடற்காற்றுதான் அதைத் தின்றது. துருவேறிய வளையத்தில் ஒரு நாயின் உயிரைத் தொங்கவிட முடியாது. நகரத்தில் மீன்பிடி உபகரணம் விற்கும் கடைகளில் துருப்பிடிக்காத உருக்கு வளையமும் சுழல் கொக்கியும் தாராளமாகக் கிடைக்கின்றன. துறைமுக நகரத்தில் இருப்பதால் கிடைக்கிற வசதி இது. அங்கே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன், மாற்றித் தைத்தார்.

நான் கேட்காமலே அவர் சேர்த்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. முதுகில் ஒரு அகன்ற கண்ணி வைத்து, வானின் சீட் பெல்ட்டை அதன் ஊடாக விடலாம் என்றார். எங்களை ஏற்றும் பஸ் எதுவும் ரோசியை ஏற்றாது என்பதால் வாடகை வானில்தான் போனோம். கந்தளாய் தாண்டி ஹபரணை வரை யானை குறுக்கிடும் வீதி. சாரதி பிரேக்கை மிதித்த ஒவ்வொரு தடவையும் ரோசி இருந்த இடத்திலேயே இருந்தது. விபத்திலிருந்து காக்கும் கருவி என்று இதை நினைக்க வேண்டாம், அப்படி யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. சாரதியின் மடியில் நாய் பாயாமல் இருக்கும், அவ்வளவுதான். மனைவியிடம் சொல்லாமல் வானை எடுத்துவந்த அந்தச் சாரதிக்கு அதுவே பெரிய நிம்மதி.

பட்டியோடு சம்பந்தமில்லாத சிலவற்றையும், மலைக்கு நாயைக் கொண்டுபோக நினைப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஹோட்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்காக்களில் நாய்க்கு அனுமதி இல்லை. வாசல்வரை போய்ச் சண்டை பிடிக்காதீர்கள். விசர்நாய்த் தடுப்பூசியோடு எலிக்காய்ச்சலுக்கான ஊசியும் போட்டிருக்கிறதா என்று மிருக வைத்தியரிடம் கேளுங்கள். ஓடைத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். அதிலிருக்கும் சிறிய அட்டை மூக்கினுள் ஏறி அங்கேயே தங்கி வளரும். நாய் நாட்கணக்கில் தும்மி மூக்கிலிருந்து இரத்தம் வடியும்போதுதான் நமக்குத் தெரியவரும். வீட்டுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோங்கள். இரவில் காது மடிப்பிலும் விரலிடுக்கிலும் உண்ணி தேடுங்கள், உண்ணிக் காய்ச்சலில் நாயை இழந்த வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கின்றன.

விலை 3,200 ரூபா. இணையத்தில் வரும் நல்ல பட்டிகளோடு பார்த்தால் மலிவு. ஆனால் சொன்ன நாளில் தரமாட்டார். “நாளைக்கு வாருங்கள்” என்பதை ஒரு வாழ்த்துப்போலச் சொல்வார். பயணத்துக்கு நாள் குறித்துவிட்டுப் போகாதீர்கள். வெயில் ஏறுமுன் நாயோடு போங்கள், அந்தத் தகரக் கூரையின் கீழ் பத்து மணிக்குப் பிறகு மனிதருக்கே மூச்சு முட்டும். வளையத்தையும் கொக்கியையும் முதலே வாங்கிக் கையில் கொண்டுபோங்கள். ஸ்பொஞ்ச் வேண்டாம் என்பதை அவர் எழுதும் துண்டில் எழுத வைத்து, அதைப் பார்த்த பிறகு முற்பணம் கொடுங்கள்.