சொந்தப் பாட்டா, சினிமாப் பாட்டா. செல்போனா, வாடகைக் கேமராவா?

ஒவ்வோர் ஆண்டும் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் ஆண்டு மாணவர்கள் பாடல் வீடியோ எடுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு என் மேசை முன் வந்து நிற்பார்கள். எந்தக் கேமரா எடுக்கலாம், ட்ரோன் கிடைக்குமா என்றுதான் முதலில் கேட்பார்கள். பாட்டு என்ன என்று கேட்டால், ஊரே முணுமுணுக்கும் ஒரு சினிமாப் பாடலைச் சொல்வார்கள். கேமராவை ஒதுக்கிவைத்துவிட்டு அங்கிருந்துதான் நான் பேச்சைத் தொடங்குவேன்.

சினிமாப் பாடலுக்கு இருக்கும் பலம் பெரியது. மெட்டு தெரிந்தது, யூடியூபில் தேடுபவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், பாடல் எழுதும் வேலையும் மிச்சம். ஆனால் ஒரு பாடலில் உரிமை இரண்டு அடுக்காக இருக்கிறது. வரிக்கும் மெட்டுக்கும் ஒன்று, பதிவான ஒலிக்கு இன்னொன்று. அசல் ஒலியை எடுக்காமல் நாமே பாடிப் பதிந்தாலும் முதல் உரிமை அப்படியே நிற்கும். “கல்லூரி விழாவில் பாடலாம் என்றால் இதில் மட்டும் ஏன் கூடாது?” என்று கேட்பார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52ஆவது பிரிவில், கல்வி நிறுவனத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் நடத்தும் நிகழ்ச்சிக்கு விலக்கு தருகிறது. அது அரங்குக்குள் இருப்பவர்களுக்கான சலுகை. யூடியூபில் ஏற்றிய நொடியிலேயே அரங்கின் சுவர் போய்விடுகிறது.

நடைமுறையில் இது எப்படி வெளிப்படும் என்பதை நான் நேரில் பார்த்தேன். மூன்று வாரம் உழைத்து எடுத்த ஒரு வீடியோவை எங்கள் மாணவர்கள் இரவு பதினொரு மணிக்கு ஏற்றினார்கள். அவர்கள் டீக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் உரிமைக் கோரல் வந்திருந்தது. யூடியூபின் ‘கன்டென்ட் ஐடி’ 2007 முதல் இந்த வேலையைச் செய்கிறது. ஒலியின் சாயலைக் கண்டுபிடித்து உரிமையாளருக்குச் சொல்லும். தடுப்பதா, விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்வதா, சும்மா கவனிப்பதா என்பது உரிமையாளரின் முடிவு. எங்களுக்குத் தடைதான் கிடைத்தது. அந்தப் பிள்ளைகளின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

சொந்தப் பாட்டை யாரும் தேடி வரமாட்டார்கள். பாடுபவரின் குரலும் ஸ்டுடியோத் தரத்தில் இருக்காது. ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். பாடிப் பதிய பேண்ட்லேப் போன்ற இலவசச் செயலி போதும். விடுதி அறையில் போர்வையைக் கொடியில் தொங்கவிட்டு எதிரொலியை அடக்கிப் பாடவைத்தால் குரல் வியக்கும்படி தெளிவாக வரும். பாட்டு எழுத ஆளில்லை என்றால் பாரதியிடம் போகலாம். அவர் படைப்புகளின் உரிமையை 1949இல் அன்றைய சென்னை மாகாண அரசு வாங்கியது. பின்னர் அவை மக்களின் பொதுச்சொத்தாயின. கவிதை மட்டும்தான் பொது. அதற்கு ஒரு சினிமா இசையமைப்பாளர் போட்ட மெட்டு பொது அல்ல. புது மெட்டு நீங்களே போடுங்கள்.

பாட்டு முடிவானபின் கேமராவுக்கு வரலாம். வாடகை மிரர்லெஸ் கேமராவில் பின்புலம் அழகாக மங்கும், குறைந்த வெளிச்சத்திலும் படம் நிற்கும். ஆனால் மாலைக்குள் திருப்பித் தரவேண்டும் என்ற பதற்றம் முகங்களில் தெரியும். செல்போன் கையிலேயே இருப்பதால் நான்கு நாள் விடியற்காலையும் எடுக்கலாம். வாடகைப் பணத்தில் ஒரு எல்இடி விளக்கும் நல்ல ஸ்பீக்கரும் வாங்கிவிடலாம். மாணவர் வீடியோவுக்குச் செல்போனையே நான் பரிந்துரைக்கிறேன், இரண்டு எச்சரிக்கைகளுடன்.

முதலாவது, நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டின் கீழ் ஷட்டரைத் தானியங்கியாக விட்டால் படத்தில் பட்டைகள் ஓடும். கைமுறைக் கட்டுப்பாடு தரும் செயலியில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்துவிட வேண்டும். இரண்டாவது, பல செல்போன்கள் ஃபிரேம் வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதை, சீராக வைப்பதில்லை. எடிட்டிங்கில் முதல் சரணம் வரை உதடு பொருந்தும், போகப்போக நழுவும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் காட்சிகளை நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொண்டு எடிட் செய்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் தீரும். எடுத்த கிளிப்பை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பித் தரத்தைக் கொல்லாதீர்கள். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

படப்பிடிப்பில் பாட்டை ஒலிக்கவிடுவதைச் சினிமாக்காரர்கள் ‘நாக்ரா’ என்பார்கள். சுவிட்சர்லாந்தில் செய்த ஒலிப்பதிவுக் கருவியின் பெயர், தொழிலின் பெயராகவே தங்கிவிட்டது. இதில் மாணவர்களுக்கு மிகவும் பிடித்த வித்தை ஒன்று உண்டு. மொட்டைமாடியில் காலை ஆறு மணிக்குப் பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட்டோம். கீச்சுக்குரலுக்கு ஏற்றபடி ஒரு மாணவி வேகவேகமாக வாயசைத்தாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நொடிக்கு 60 ஃபிரேமில் எடுத்ததை 30 ஃபிரேம் டைம்லைனில் பாதி வேகத்தில் போட்டோம். உதடு பாட்டோடு பொருந்தியது, துப்பட்டா மட்டும் தண்ணீருக்குள் அசைவதுபோல் மெல்ல அசைந்தது. சிரித்தவர்கள் அமைதியாகிவிட்டார்கள்.

எடிட்டிங்கில் அதிகம் யோசிக்க வேண்டாம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே வண்ணத் திருத்தத்துக்கு மிஞ்சும். கணினியில் 16 ஜிபி ரேம் இருந்தால்தான் அது மூச்சு விடும். இல்லையென்றால் செல்போன் செயலியே மேல்.

பரப்புவதில் யூடியூபா, இன்ஸ்டாகிராமா என்பது தவறான போட்டி. முழுப் பாடலுக்கு வீடு யூடியூப். வரிகளைத் தமிழிலேயே சப்டைட்டிலாக ஏற்றலாம், தேடினால் கிடைக்கும், ஆண்டுகள் கழித்தும் இருக்கும். ஆனால் முகம் தெரியாத ஆளை முதல்முறை இழுத்துவருவது குறு வீடியோக்கள்தான். 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடைசெய்யப்பட்டதும், ஜூலையில் இன்ஸ்டாகிராமின் ரீல்ஸும் செப்டம்பரில் யூடியூபின் ஷார்ட்ஸும் இந்தியாவுக்கு வந்தன. ஷார்ட்ஸிலிருந்து முழு வீடியோவுக்கு நேரடியாக இணைப்புக் கொடுக்கலாம். ரீல்ஸின் குறிப்பில் எழுதும் இணைப்பைத் தொட்டால் திறக்காது. அதனால் கல்லூரி நண்பர்களுக்கு ரீல்ஸ், வெளியாட்களுக்கு ஷார்ட்ஸ் என்று பிரித்துக்கொள்ளச் சொல்கிறேன். பல்லவியை வெட்டிப் போடாமல், சரணத்தில் மனதைப் பிடிக்கும் இரண்டு வரியைப் போடுங்கள்.

யூடியூபில் ஏற்றிய வீடியோவை அதே இணைப்பில் மாற்ற முடியாது. பிழை இருந்தால் எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் ஏற்றவேண்டும். பார்வைகளும் கருத்துகளும் போய்விடும். அதனால் முதலில் ‘அன்லிஸ்டட்’ (இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி) என்று ஏற்றி, குழுவில் எல்லோரும் தங்கள் போனில் ஒருமுறை, இயர்போனில் ஒருமுறை பார்க்கவேண்டும் என்பது எங்கள் துறையில் விதி. சென்ற முறை அப்படிப் பார்த்தபோதுதான், பறை அடித்த பையனின் பெயர் இறுதிப் பட்டியலில் இல்லாதது தெரிந்தது. அன்றிரவே சேர்த்து மறுபடி ஏற்றினோம்.