போலந்து பிரபுவுக்கு எது நிஜ பவர்: ராஜா எலெக்‌ஷனா, செய்மிக்கா?

ஹிஸ்டரி மீட் ஒண்ணுல பேச பழைய போலந்து பிரபுக்களோட உரிமைகள்ல ஏதாவது ஒண்ணை எடுக்க வேண்டியிருந்துச்சு, முக்கால்வாசி பேர் ராஜா எலெக்‌ஷன் பக்கம்தான் போவாங்க, நான் செய்மிக்கை எடுத்தேன். செய்மிக்னா அந்தந்த வட்டாரப் பிரபுக்கள் கூடுற சபை, அதுக்கு மேல இருக்குற பார்லிமெண்ட்தான் செய்ம்.

எலெக்‌ஷன் கெத்துதான். 1573ல இருந்து ஏழை பணக்காரன்னு பார்க்காம எந்தப் பிரபுவும் வார்சா பக்கத்து மைதானத்துக்கு நேர்ல போய் ஓட்டுப் போடலாம். வார்சா இருக்குற மசோவியாக்காரனுக்கு அது பக்கம், தூரத்து ஆளுக்கு செலவு கையைக் கடிக்கும். அதைவிட, ராஜா போனாத்தானே ஓட்டு? 1587ல மூணாம் ஜிக்மண்ட் வந்தாரு, அடுத்த எலெக்‌ஷன் 1632ல. நடுவுல 45 வருஷம்! ஓட்டே போடாம போய்ச் சேர்ந்தவங்க எத்தனை பேரோ.

செய்மிக் அப்படி இல்ல. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது செய்ம் கூடணும், அதுக்கு முன்னாடி செய்மிக் கூடி, அங்க போற ஆளைத் தேர்ந்தெடுக்கும். கிராகோவ் வட்டாரத்துக்கு புரோஷோவித்ஸேங்கற சின்ன ஊரு. பல இடத்துல சர்ச்சுக்குள்ளயே கூட்டம், இடுப்புல வாளோட.

என்னை முடிவு பண்ண வச்சது வரிதான். 1454ல நியெஷாவாங்கற ஊர்ல வச்சு, செய்மிக் ஒத்துக்காம புது வரி போட மாட்டேன்னு ராஜாவே எழுதிக் கொடுத்தாரு. அப்புறம் அந்த வேலை செய்முக்குப் போச்சு, ஆனா போற ஆள் கையில செய்மிக் என்ன பேசணும்னு எழுதியே கொடுத்து அனுப்பும், அவரும் வரின்னதும் "ஊர்ல சகோதரர்களைக் கேட்டுட்டு சொல்றேன்"னு (அதாவது மத்த பிரபுக்களை) நழுவிடலாம். திரும்பி வந்ததும் என்ன நடந்துச்சுன்னு கணக்கு சொல்லணும். 17ம் நூற்றாண்டுல வரி வசூல், சொந்தமா சிப்பாய்ங்களை வேலைக்கு வைக்கிறதுன்னு செய்மிக் கை ரொம்ப நீண்டுடுச்சு, 1717ல செய்ம் அதை வெட்டுச்சு. பவரே இல்லாத இடத்துல எதை வெட்டப் போறாங்க?

குறை இல்லாம இல்ல. பெரும்புள்ளிங்க சாப்பாடும் சரக்கும் ஊத்தி, நிலமில்லாத ஏழைப் பிரபுக்களைக் கூட்டமா ஓட்டிட்டு வந்துடுவாங்க, அதனாலதான் 1791ல அவங்க ஓட்டையே எடுத்தாங்க. நான் சொல்றது போலந்து பக்கத்தை வச்சு, அதோட ஒரே நாடா சேர்ந்திருந்த லித்துவேனியாவுக்கு அப்படியே பொருத்திப் பார்க்காதீங்க.

டிராமாதான் வேணும்னா எலெக்‌ஷனையே எடுங்க. 1733ல விஸ்துலா ஆத்துக்கு ஒரு கரையில லெஷ்சின்ஸ்கியை ராஜாவாக்கினாங்க, அடுத்த மாசமே எதிர்க்கரையில ரஷ்யப் படை துணையோட ஒரு கோஷ்டி மூணாம் அகஸ்டஸை ராஜாவாக்கிடுச்சு, கடைசில ஆண்டது அந்த ரெண்டாவது ஆளுதான்.