டொரொன்டோ தோட்டத்தில் மண்ணை மூட எந்தச் செடி?

டொரொன்டோவிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் தரையோடு படரும் செடி வாங்குபவர்கள் முதலில் அதன் அட்டையில் அச்சிட்டிருக்கும் குளிர்மண்டல எண்ணைத்தான் பார்க்கிறார்கள். அமெரிக்க வேளாண்மைத் துறையின் கணக்கில் 4ஆம் மண்டலச் செடி ஏறத்தாழ மைனஸ் 34 பாகை செல்சியஸ் வரை தாங்கும். ஆனால் இங்கே ஒப்பிடும் செடிகள் எல்லாமே இவ்வூர்க் குளிரைத் தாங்குபவை என்பதால், அவற்றுள் ஒன்றைத் தேர்வதற்கு அந்த எண் உதவாது. குளிரைத் தாங்கும் செடியும் வேரடியில் நீர் தேங்கினால் அழுகும். மண் மாறி மாறி உறைந்து உருகும்போது புதிதாக நட்ட செடி வேரோடு மேலே தள்ளப்படும்.

வெயில் விழும் இடத்துக்கு க்ரீப்பிங் தைம், க்ரீப்பிங் ஃப்ளாக்ஸ் ஆகிய இரண்டும் போட்டியிடுகின்றன. நடைபாதைக் கற்களின் இடுக்குக்குத் தைமே பொருத்தம். அவ்வப்போது மிதிபட்டாலும் அது பிழைத்துக்கொள்ளும், கோடையில் பூக்கும்போது தேனீக்களும் மொய்க்கும். களிமண்ணில் மட்டும் அதை நம்ப முடியாது. மிதி பொறுக்காத ஃப்ளாக்ஸ், சரிவான மேட்டில் நட்டால் வசந்தத்தில் இலையே தெரியாதபடி பூத்து மூடும். பூ முடிந்ததும் கத்தரித்துவிட்டால் நடுவில் வெறுமை விழாது. குளிர்காலத்தில் உப்பு தெறிக்கும் சாலையோரத்துக்கு இவ்விரண்டையும்விடப் படரும் ஜூனிபரே உறுதியானது.

உண்மையான சிக்கல் மர நிழலில்தான் இருக்கிறது. அங்கே பலரும் நாடுவது வின்கா மைனர். நம் நித்தியகல்யாணியின் குடும்பத்தைச் சேர்ந்த இந்த ஐரோப்பியச் செடி ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும், வசந்தத்தில் நீலப்பூ பூக்கும், விரைவாகவும் பரவும். அந்த வேகமே அதன் குற்றம். தண்டு மண்ணைத் தொடும் கணுக்களில் எல்லாம் வேர் விடுவதால், வேலியோரத்திலிருந்தோ கொட்டிய தோட்டக் கழிவிலிருந்தோ காட்டுக்குள் புகுந்து, 1937 முதல் ஒன்டாரியோவின் மாகாண மலராக இருக்கும் வெள்ளை ட்ரில்லியம் போன்ற காட்டு மலர்களுக்கு இடமில்லாமல் செய்துவிடும். நகரின் ஊடாக மரம் அடர்ந்த பள்ளத்தாக்குகள் ஓடும் டொரொன்டோவில் இதை நடக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. ஜப்பானிய பாக்கிசாண்ட்ரா இதைவிடப் பொறுமையாகப் பரவும், மான்களும் பெரும்பாலும் அதைத் தீண்டா. ஆனால் நெருங்கி வளர்ந்த பாத்தியில் பூஞ்சை நோய் வந்தால் இலைகள் திட்டுத்திட்டாகக் கருகும்.

நான் பரிந்துரைப்பது இந்த மண்ணுக்கே உரிய காட்டு இஞ்சியை. இதய வடிவ அகன்ற இலைகள் ஆழ்ந்த நிழலிலும் தரையை மறைக்கும். பழுப்புச் சிவப்புப் பூக்கள் இலைக்கடியில் மண்ணை ஒட்டி மலரும். விதைகளை எறும்புகள் சுமந்து சென்று பரப்பும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து தரை வெறுமையாகும் என்பது இதன் குறை. மரத்திலிருந்து விழும் சருகை அப்படியே விட்டுவைத்தால் அது பெரிதாகத் தெரியாது. இதன் கிழங்கு, இஞ்சி போல மணந்தாலும் இது இஞ்சிக் குடும்பத்துச் செடி அன்று. சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் அதில் இருப்பதால் தேநீரிலோ கறியிலோ சேர்க்கவே கூடாது. மெதுவாகப் பரவும் செடி என்பதால் ஓரடி இடைவெளியில், வசந்தத்திலோ செப்டம்பர் தொடக்கத்திலோ நட வேண்டும். அதற்குப் பிந்தினால் மண் உறைவதற்குள் வேர் பிடிக்காது.